மூட வேண்டாம்

தம்பிமாரே, தங்கச்சிமாரே,

ஓய்வு பெற்ற ஒருவனிடம் போய், "புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தாருங்கள்" என்று கேட்பது ஆபத்தான காரியம். நாலோடு அவன் நிறுத்த மாட்டான். கேட்டது நீங்கள். அனுபவியுங்கள்.

உங்கள் புதுக் கட்டடத்தை ஒருமுறை வந்து பார்த்தேன். ஏசி, கண்ணாடிக் கதவு, காலால் தள்ளினால் உருளும் கதிரைகள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யாரும் தும்மவில்லை. நான் வேலை செய்த காலத்தில் நம் கம்ப்யூட்டர் கம்பனி மாத்தளை நகரில், ஒரு மிளகு வியாபாரியின் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. கீழே ஒரு சாக்கை உதறினால் மேலே நாலு பேரும் ஒன்றாகத் தும்முவோம். கொழும்பிலிருந்து போனில் பேசும் வாடிக்கையாளர்கள், "என்ன, எல்லாருக்கும் தடிமனா?" என்று கேட்பார்கள். மரப்படியில் ஏறும் சத்தத்தை வைத்தே வருவது யார் என்று சொல்லிவிடலாம். இன்றைக்கும் வீட்டில் மிளகு இடித்தால் அந்த அறையும் அதிலிருந்த முகங்களும் ஞாபகம் வந்து மனசு என்னமோ செய்கிறது. சிரிக்காதீர்கள். உங்களுக்கும் ஒருநாள் ஏதாவது ஒரு வாசனை மிச்சம் இருக்கும்.

நான் எழுதப்போவது ஒரேயொரு பிழையைப் பற்றி. அது என் பிழை. முப்பது வருடத்தில் நான் செய்த மற்றப் பிழைகளைச் சொல்லிச் சிரிக்க அங்கே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். இதை முழுதாக அறிந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்தான்.

அவர்களில் ஒருத்தி என் குரு. பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் கோபித்துக்கொள்வாள். குரு என்றதும் தாடி வைத்த ஆளை நினைக்க வேண்டாம். அவளுக்கு என் மூத்த மகளின் வயது. எனக்கு அப்போது ஐம்பது தாண்டிவிட்டது. வெளிநாட்டில் படித்துவிட்டு ஊருக்குத் திரும்பியவள், வந்த முதல் மாதத்திலேயே எங்கள் எல்லாரையும் பங்ஷனல் என்ற வேறு வகைப் புரோகிராம் மொழிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"நானா, இதுல ஒரு பேருக்கு ஒரு மதிப்பக் குடுத்தா குடுத்ததுதான். அதுக்கப்புறம் ஒருத்தராலயும் மாத்த முடியாது. நம்ம பிழையில பாதி அதோட போயிரும்" என்றாள். எங்கள் முஸ்லிம் வழக்கில் என்னை அவள் நானா, அதாவது அண்ணா, என்றுதான் கூப்பிடுவாள்.

அது வரைக்கும் நான் எழுதிய புரோகிராம்களில் ஒரு மதிப்பு என்பது பொதுக்கிணற்று வாளி மாதிரி. யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள், எங்கே வேண்டுமானாலும் வைத்துவிட்டுப் போவார்கள். அப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்தவனுக்கு இந்த மொழி பெரிய நிம்மதியாக இருந்தது. வயது போன காலத்தில் காதல் வந்தவன் மாதிரி ஆனேன். வீட்டில் சாப்பாட்டு மேசையில் கூட இதையே பேசி மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

எழுதுவது அந்த மொழியில். ஆனால் பிரவுசருக்குத் தெரிந்தது ஜாவாஸ்கிரிப்ட் மட்டும். நடுவில் கம்பைலர் நின்று, நாங்கள் எழுதியதை அதற்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்கும். மிகவும் நேர்மையான கம்பைலர். பின்னால் சொல்லப்போகும் விஷயத்தில் அதன்மேல் பழியைப் போட நான் எத்தனையோ வழி தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

மாத்தளையை அடுத்த யட்டவத்தைப் பக்கம் ஒரு இலவச டிஸ்பென்சரி இருந்தது. ஓய்வு பெற்ற சிங்கள டொக்டர் ஒருவர் நடத்தினார். அங்கே நாய்க்கடிக்கு ஊசி போடுவார்கள். அது ஒரு ஊசியோடு முடிகிற காரியமில்லை. சில நாள் இடைவெளி விட்டு மறுபடி மறுபடி போட வேண்டும். தோட்டத்துச் சனங்கள் முதல் ஊசிக்குப் பயந்துகொண்டு ஓடி வருவார்கள். காயம் ஆறியதும் பயமும் ஆறிவிடும். அட்டையில் திகதி எழுதிக் கொடுத்தாலும் அது மழையில் நனைந்து, மடித்த இடத்தில் கிழிந்து போகும். அதனால் ஊசி நாளன்று ஒவ்வொருவருக்கும் போன் போட்டுக் கூப்பிடுவது அங்கே வழக்கம். அந்த வேலை ரீட்டாவுடையது. வரவேற்பு மேசையில் இருந்தவள், ஆஸ்பத்திரி வேலை கற்றவளல்ல. ஆனால் அவள் கூப்பிட்டால் வராமல் இருக்க முடியாது. "நாய் கடிச்சது ஒங்கள, பயந்துகிட்டு இருக்கிறது நான்" என்று ஆட்களைத் திட்டுவாள்.

ரீட்டா எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தாள். அதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றித் தரச் சொல்லி டொக்டர் எங்களிடம் கேட்டார். நான்தான் செய்தேன். பிரவுசரில் ஒரு பக்கம். அதைத் திறந்தால் இன்று கூப்பிட வேண்டியவர்களின் பெயரும் நம்பரும் வரும். நாள் கடந்தும் வராதவர்கள் இருந்தால் அவர்களும் மேலே சிவப்பில் வருவார்கள். போன் போட்டு, ஆள் வந்து ஊசி போட்டதும் ஒரு குறி வைத்தால் பெயர் மறைந்துவிடும். கையளித்த அன்று ரீட்டாவிடம், "இனி கொப்பி எதுக்கு?" என்று பெரிய மனுசத்தனமாகக் கேட்டேன். அவள் கொப்பியை எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்து மூடிவிட்டாள்.

ஒரேயொரு குறை. பக்கம் திறக்க நேரமெடுத்தது. ஒரு சின்ன வேலைக்காக நான் வேறு ஆட்கள் எழுதிவைத்த ஒரு முழு கோட் லைப்ரரியையே உள்ளே இழுத்துப் போட்டிருந்தேன். கம்பைலர் அதை அப்படியே கட்டித் தூக்கிக்கொண்டு வந்தது. டிஸ்பென்சரியில் இருந்ததோ ஒரு டொங்கிள் இன்டர்நெட் லைன். மழை பெய்தால் அதற்கும் சுகமில்லாமல் போகும். காலையில் ஆட்கள் வரிசையில் நிற்க, ரீட்டா வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு இருப்பாள்.

"இத வெட்டிச் சின்னதாக்கணும் நானா" என்று குரு இரண்டு முறை சொன்னாள். நாளைக்குச் செய்கிறேன் என்றேன். எழுதியது அவ்வளவு அழகாக இருந்தது. அதில் கத்தி வைக்க மனமில்லை.

ஒரு திங்கட்கிழமை வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது டிஸ்பென்சரியிலும் இறங்கினேன்.

"சேர், காலையில தேத்தண்ணி போட்டுக் குடிச்சு, கப்பையும் கழுவி வச்சுட்டு வந்தாலும் இது தொறக்குதில்ல" என்றாள் ரீட்டா.

"அப்ப ஏன் மூடுறீங்க? தொறந்தபடியே விடுங்க. கம்ப்யூட்டரையும் நிப்பாட்டாதீங்க."

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, தடித்த கறுப்புப் பேனையால் "மூட வேண்டாம்" என்று எழுதினேன். கீழே சிங்களத்திலும் எழுதினேன். எனக்குக் கையெழுத்து நல்லாயிருக்கும், அதில் ஒரு பெருமை. திரையின் தலையில் டேப் போட்டு ஒட்டினேன். ரீட்டாவுக்குச் சந்தோஷம். மேசை துடைக்க வருகிற அம்மாவிடமும், டொக்டரிடமும் கூட, "இத மட்டும் மூடிராதீங்க" என்று சொல்லி வைத்தாள். மூன்று நாளும் யாரும் மூடவில்லை. நம் ஊரில் எழுதி ஒட்டியதற்கு இவ்வளவு மரியாதை கிடைத்ததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை காலை. அது முத்துமாரியம்மன் தேர்க் கிழமை. தெருவெல்லாம் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார்கள், எங்கள் மாடிக்கு நாதஸ்வரச் சத்தம் வந்துகொண்டிருந்தது. ரீட்டா போன் எடுத்தாள். பிரிண்டருக்கு எந்த மை வாங்குவது என்று கேட்கத்தான். பேச்சுவாக்கில் சொன்னாள்:

"இந்தக் கெழம நல்ல ஓய்வு சேர். செவ்வா, பொதன், இன்னைக்கும் பாத்துட்டேன், ஒருத்தருக்கும் போன் போட வேண்டி வரல. தேருக்கு நாய்ங்களும் லீவு போல."

நானும் சிரித்தேன். போனை வைத்துவிட்டு அதே பகிடியைக் குருவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"புதுசா யாரையும் நாய் கடிக்கலன்னா சரி. ஏற்கனவே கடிபட்டவங்க? அவங்க ரெண்டாவது, மூணாவது ஊசியெல்லாம் எங்க போச்சு?"

நான் கதிரையைத் திருப்பி அவளைப் பார்த்தேன்.

"இன்னைக்குத் திகதி என்னன்னு கம்ப்யூட்டர்கிட்ட எங்க கேட்டிருக்கீங்க நானா?"

"மேல, புரோகிராம் தொடக்கத்துல. ஒரே இடத்துல. 'இன்று'ன்னு பேர் வச்சு."

"அது எப்ப கேக்கும்?"

"பக்கம் தொறக்கும்போது."

"பக்கத்த எப்ப தொறந்தாங்க?"

என் கண்முன்னே அந்தத் தாள் நின்றது. கறுப்புப் பேனை, இரண்டு மொழி, அழகான கையெழுத்து.

புரிந்துவிட்டதா உங்களுக்கு? ஒரு பெயருக்கு மதிப்பைக் கொடுத்தால் கொடுத்ததுதான். "இன்று" என்ற பெயருக்குத் திங்கட்கிழமையைக் கொடுத்தேன். கம்பைலர் அதை நேர்மையாகக் கொண்டுபோய் பிரவுசருக்குள் வைத்தது. நான் இங்கே செய்த சோதனைகளில் புரோகிராம் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்கி, திகதியைக் கேட்டு, கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். அதன் ஆயுளில் நாள் மாறுவதற்கு இடமே இல்லை. யட்டவத்தையில் அது மூன்று நாளாக உயிரோடு இருந்தது. திங்கட்கிழமைக்குரியவர்களை ரீட்டா அன்றே கூப்பிட்டுக் குறி வைத்துவிட்டாள். அதன் பிறகு அந்தப் பக்கத்துக்கு விடியவே இல்லை. வெறும் பட்டியலைப் பார்த்து அவளும் மகிழ்ந்தாள், கேட்டு நானும் மகிழ்ந்தேன். பக்கத்தின் தலையில் திகதியைப் போட்டிருந்தாலாவது அவளுக்குத் தெரிந்திருக்கும். முதலில் போட்டும் இருந்தேன். பார்க்க வடிவில்லை என்று நான்தான் எடுத்துவிட்டேன்.

என் கை தானாகவே கீபோர்டுக்குப் போனது. திகதியை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்கிற மாதிரி மாற்ற ஐந்து நிமிடம் போதும். மாற்றி அனுப்பிவிட்டால் யாருக்கும் தெரியாது. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

"கைய எடுங்க நானா" என்றாள் குரு. "மொதல்ல ஆள். கோட் அப்புறம். நீங்க இப்ப சரியாக்கி அனுப்பினாலும் அது அங்க போய்ச் சேராது. பழைய பக்கத்தத்தானே தொறந்து வச்சுக்கிட்டு இருக்காங்க."

ரீட்டாவுக்குப் போன் போட்டேன்.

"ரீட்டா, அந்தப் பக்கத்த மூடிட்டுத் திரும்பத் தொறங்க."

"மூடவா? வெளையாடுறீங்களா சேர்? மூட வேணாம்னு நீங்கதானே எழுதி ஒட்டுனீங்க. சிங்களத்துலயும் எழுதியிருக்கீங்க."

"நான்தான் எழுதினேன். இப்ப நான்தான் சொல்றேன். மூடுங்க."

"மூடுனா தொறக்க எவ்வளவு நேரமாகும்? வெளியில ஆளுங்க நிக்கிறாங்க சேர்."

"நிக்கட்டும். மூடுங்க ரீட்டா."

மூடினாள். திறக்கச் சொன்னேன். இரண்டு பேரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தோம். என் வேலைக் காலத்தில் அதைவிட நீளமான நேரத்தை நான் கண்டதில்லை. நான் ஆசையாக இழுத்துப் போட்ட லைப்ரரி முழுவதும் அந்த மெல்லிய லைனில் ஒவ்வொரு துண்டாக இறங்கிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் நாதஸ்வரம், அந்தப் பக்கம் யாரோ ஒரு பிள்ளையின் அழுகை. வெட்டச் சொல்லி இரண்டு முறை சொன்னவள் என் எதிரில் கைகட்டி நின்றாள்.

"லைன்ல பிழையா சேர்?" என்று ரீட்டா கேட்டாள்.

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்குத் தப்பித்துக்கொள்ள ஒரு கதவு திறந்த மாதிரி இருந்தது.

"ஓம், லைன் பிழை" என்றேன்.

குரு என்னைப் பார்த்தாள். நான் மேசையைப் பார்த்தேன்.

பிறகு ரீட்டாவின் மூச்சு மாறியது. "சேசுவே... சேர், செவப்புல மூணு பேர் வந்திருக்காங்க."

பெயர்களை வாசிக்கச் சொன்னேன். இரண்டு பேருக்கு ஊசி நாள் முந்தின நாள், புதன். மூன்றாவது பெயர் செலின், ஊசி நாள் செவ்வாய்.

"செலினக் கடிச்ச நாய் ரெண்டாம் நாளே செத்துப் போச்சு சேர்" என்றாள் ரீட்டா. அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். விசர்நாய்க்கடி நோய் வந்துவிட்டால் பிறகு மருந்து இல்லை.

முதல் இரண்டு பேரும் போனை எடுத்தார்கள், உடனே வருவதாகச் சொன்னார்கள். செலினின் போன் அடிக்கவே இல்லை. மறுபடி மறுபடி அடித்தோம், அதே கதை. திரையில் இருந்தது அவர் வேலை செய்யும் றப்பர் தோட்டத்தின் பெயர் மட்டும்.

புரோகிராமைக் குருவிடம் விட்டுவிட்டுக் கீழே ஓடினேன். தேர்க் கூட்டத்தில் ஒரு த்ரீவீல் பிடிப்பது பெரும்பாடு. கீழ் மிளகுக் கடைக்காரரே தன் ஆளை அனுப்பி ஒன்றைப் பிடித்துக் கொடுத்தார். யட்டவத்தையில் ரீட்டாவையும் ஏற்றிக்கொண்டோம். தோட்டத்து வழி அவளுக்குத்தான் தெரியும். மழை விட்ட பாதை, த்ரீவீல் வழுக்கி வழுக்கி ஏறியது.

"என்னோட பிழைதான் சேர்" என்றாள் ரீட்டா, நான் ஒன்றும் கேட்காமலே. "லைன் பிழைன்னா எனக்கு வெளங்கியிருக்கணும். கொப்பிய ஒரு தடவ எடுத்துப் பாத்திருந்தா போதும். மூணு நாளா ஒருத்தரும் இல்லன்னா யோசிக்க வேணாமா? நான் சும்மா இருந்திட்டேன்."

கண்ணைத் துடைத்தாள். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். பாதையில் கிடந்த சேற்றையும் றப்பர் மரங்களையும் பார்த்துக்கொண்டு வந்தேன். அல்லாஹ், அந்த மனுசி உயிரோடு, சுகத்தோடு இருக்க வேண்டும் என்று மட்டும் மனசுக்குள் கேட்டுக்கொண்டேன். உண்மை சொல்வதை அந்த வேண்டுதலுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்.

றப்பர்ப் பால் நிறுக்கிற இடத்தில் பெண்கள் வாளிகளோடு வரிசையாக நின்றார்கள். ரீட்டாதான் செலினை அடையாளம் காட்டினாள். நாற்பது வயதிருக்கும். கெண்டைக்காலில் துணி சுற்றியிருந்தது. எங்களைக் கண்டதும் வாளியைக் கீழே வைத்தார்.

"செலினக்கா, ஏன் ஊசிக்கு வரல? போன் போட்டா வேலயும் செய்யுதில்ல."

"போன் நேத்து பால் வாளிக்குள்ள விழுந்துருச்சு. ஆனா செவ்வாக்கெழம நல்லாத்தான் இருந்துச்சு. அன்னைக்குப் பூரா கையிலயே வச்சுக்கிட்டு இருந்தேன். நீதானே போன் பண்ணுறேன்னு சொன்ன?" செலினின் குரல் உயர்ந்தது. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "போன் வரல. அதனால எனக்குச் சொகமாகிருச்சு போல, இனி ஊசி வேணாம் போலன்னு நெனச்சுட்டேன். மாதாவுக்கு மெழுகுதிரி கூட கொளுத்திட்டேன். இப்ப வந்து ஏன் வரலன்னு கேக்குற?"

ரீட்டா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். முழுப் பழியையும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றாள். அந்த நிற்பை என்னால் தாங்க முடியவில்லை.

"ரீட்டாவ ஏசாதீங்கம்மா" என்றேன். "லைன்லயும் பிழையில்ல, அவங்களும் ஒரு பிழையும் செய்யல. அந்தக் கம்ப்யூட்டர் வேலையச் செஞ்சது நான். நான்தான் பிழையா எழுதினேன். திங்கக்கெழமையோட அதுக்கு நாள் நின்னு போச்சு."

"கம்ப்யூட்டருக்கு நாள் நிக்குமா?"

"நிக்காது. நான் நிக்க வச்சுட்டேன்."

செலினுக்கு அது எவ்வளவு புரிந்ததோ தெரியாது. ரீட்டாவுக்குப் புரிந்தது. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. புதிதாகச் சந்தித்த ஆளைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தாள்.

வாளியைப் பக்கத்தில் நின்ற பெண் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். செலினை ஏற்றிக்கொண்டு இறங்கினோம். வழி நெடுக ரீட்டா செலினோடு மட்டும் பேசினாள்.

டொக்டர் ஊசியைப் போட்டார். காயத்தைப் பார்த்தார், வேறு ஏதாவது செய்கிறதா என்று விசாரித்தார். பிறகு என்னிடம் சிங்களத்தில், இரண்டு நாள் பிந்தியதால் ஒன்றும் கெட்டுவிடவில்லை, மிச்ச ஊசிகளை இன்றிலிருந்து நாள் எண்ணிப் போடலாம் என்றார். இன்னும் ஒரு கிழமை போயிருந்தால் இப்படிப் பேசியிருக்க மாட்டேன் என்றும் சொன்னார். அவரிடமும் நடந்ததைச் சொன்னேன், இந்த முறை லைன்மேல் பழி போடாமல். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, இனி இப்படி நடக்காது என்று உன்னால் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

"இந்தப் பிழை நடக்காது என்று சொல்லலாம் டொக்டர். பிழையே நடக்காது என்று சொல்ல முடியாது" என்றேன்.

அந்தப் பதில் அவருக்குப் பிடித்ததோ இல்லையோ, வேலையை எங்களிடமே விட்டுவைத்தார். ஆனால் லாச்சியிலிருந்த கொப்பி அன்றே மேசைக்குத் திரும்பி வந்தது. அதைப் பற்றி நான் மூச்சுக்கூட விடவில்லை.

மாடிக்குத் திரும்பியபோது குரு திகதியைச் சரி செய்து முடித்திருந்தாள். செலின் சுகம் என்றதும் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு கீழே போய் இரண்டு தேத்தண்ணி வாங்கி வந்து ஒன்றை என் முன்னால் வைத்தாள். அந்த லைன் பொய்யைப் பற்றி அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். மிளகு நெடியும் தேத்தண்ணி வாசமும் கலந்த அந்தப் பின்னேரத்தில் அதைக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.

அடுத்த நாள் வெட்ட ஆரம்பித்தேன். அழகு, வடிவு எதையும் பார்க்கவில்லை. லைப்ரரியைத் தூக்கி எறிந்துவிட்டு அதில் எனக்குத் தேவைப்பட்ட சின்னத் துண்டைக் கையால் எழுதினேன். பக்கம் கிளிக் பண்ணியதும் வந்தது. மேலே பெரிய எழுத்தில் திகதி. பட்டியல் வெறுமையாக இருந்தால் சும்மா வெள்ளையாக நிற்காமல், இன்ன நாளுக்குப் பார்த்தேன், யாருமில்லை என்று சொல்லும். நாங்கள் புதிதாக ஒன்றை அனுப்பினால், திறந்து கிடக்கும் பழைய பக்கம் தானாகவே அதை விசாரித்துத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். இவையெல்லாம் உங்களுக்குச் சின்ன விஷயங்கள். இன்றைய கருவிகள் பாதியை நீங்கள் கேட்காமலே செய்து தருகின்றன. ஆனால் நீங்கள் எழுதியது யாருடைய மேசையில், எத்தனை நாள் மூடப்படாமல் இருக்கப் போகிறது என்று எந்தக் கருவியும் வந்து சொல்லாது. நீங்கள்தான் ஒருமுறை அங்கே போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும். போகும்போது கையில் பேனையும் டேப்பும் கொண்டுபோகாதீர்கள்.

மொழியைக் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கடைசி நாள் வரைக்கும் அதில்தான் எழுதினேன், இன்றைக்கும் விருப்பம்தான். மாறாது என்று நீங்கள் பெயர் வைப்பது உண்மையிலேயே மாறாததுதானா என்று மட்டும் பாருங்கள்.

செலின் எல்லா ஊசியையும் போட்டு முடித்தார். நல்ல சுகம். மாத்தளைச் சந்தையில் கண்டால் இப்போதும், "போன் சேர்" என்று உரக்கக் கூப்பிட்டு, பக்கத்தில் நிற்பவர்களுக்குப் போன் வராத கதையைச் சொல்லித்தான் விடுவார். குரு கொழும்புக்குப் போய்விட்டாள். பெருநாளைக்கு வாழ்த்து அனுப்புவாள்.

ரீட்டாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல சேர்" என்றாள். பிறகு பழையபடி பேசினாள், பகிடி விட்டாள், பிரிண்டர் மைக்குப் போன் எடுத்தாள். நானும் எல்லாம் ஆறிவிட்டது என்றுதான் இருந்தேன்.

ஓய்வு பெற்ற மாதத்தில் எல்லா வாடிக்கையாளரிடமும் சொல்லிவிட்டு வரப் போனேன். டிஸ்பென்சரிக்குப் போனது காலையில், அப்போதுதான் கதவைத் திறந்திருந்தார்கள். மேசையும் ரீட்டாவும் அப்படியே. கம்ப்யூட்டர் மட்டும் புதிது. அதன் தலையில் ஒரு பழுப்பேறிய தாள் ஒட்டியிருந்தது. என் தாள்தான். திருப்பி ஒட்டியிருந்தாள். என் எழுத்து பின்பக்கத்திலிருந்து மங்கலாகத் தெரிந்தது. அதற்கு மேல் ரீட்டாவின் கோணல் எழுத்தில், இரண்டு மொழியிலும்: "காலையில் மூடித் திறக்கவும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "ரீட்டா, இது இப்ப தேவையில்லையே. அத எப்பவோ சரியாக்கிட்டோமே. வருசக் கணக்கா மூடாம வச்சாலும் நாள் சரியா வரும்."

"தெரியும் சேர். நீங்க சொன்னீங்க" என்றாள். சிரித்த முகத்தோடுதான் சொன்னாள். "அன்னைக்கு லைன் பிழைன்னும் நீங்கதான் சொன்னீங்க."

சொல்லிக்கொண்டே பக்கத்தை மூடித் திறந்தாள். உடனே வந்தது. மேலே திகதி சரியாக இருந்தது. அவள் தலையைத் திருப்பி, சுவரில் தொங்கிய கலண்டரையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் முதல் நம்பரை அடித்தாள்.